எச்.பி.வி. பாசிடிவ்: யாரைச் சந்தேகிப்பது?

கேள்வி: வயது 38. திருமணமாகி 15 வருடம். ஹெல்த் செக்கப்பில் கர்ப்பப்பை வாயில் எடுத்த எச்.பி.வி. (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) டெஸ்ட்டில், '16, 18 நெகடிவ். மற்ற ஹை-ரிஸ்க் வகை பாசிடிவ்' என்று வந்திருக்கிறது. பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய் செல்களை எடுத்துப் பார்க்கும் சோதனை) நார்மல். உறவு மூலம் பரவும் என்று தெரிந்ததும் கணவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்கோ அவர் மேல் சந்தேகம். இது கேன்சரா? அவருக்கும் டெஸ்ட் எடுக்கலாமா? 11 வயது மகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் வீட்டுப் பிரச்சினை. இந்த ரிப்போர்ட்டோடு என் ஓ.பி.க்கு வரும் பெண்கள் நோயைவிட இதற்காகத்தான் அதிகம் அழுகிறார்கள். வைரஸ் இன்றைக்கு இருக்கிறது என்று மட்டும்தான் டெஸ்ட் சொல்லும். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று சொல்லவே சொல்லாது. பல வருடம் டெஸ்ட்டில் அகப்படாமல் அடங்கிக் கிடந்துவிட்டு, பிறகு தலைகாட்டும் வைரஸ் இது. உறவு கொண்டவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்துபோகும். பிறப்புறுப்புப் பகுதியில் தோலோடு தோல் உரசினாலே பரவுவதால், ஆணுறைகூட முழுதாகத் தடுக்காது. இதை வைத்து ஒருவருடைய நடத்தையை எடைபோடுவது அநியாயம். இந்தப் பதிலைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆண்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிரீனிங் டெஸ்ட் கிடையாது. அவர் லேபுக்கு அலைய வேண்டாம். பிறப்புறுப்பில் மரு தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டட்டும்.

சரி, கேன்சரா? இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான 16, 18 என்ற வைரஸ் வகைகள் இரண்டும் உங்களுக்கு இல்லை. மற்றவற்றையும் பெரும்பாலும் உடம்பே ஓரிரு வருடத்தில் விரட்டிவிடும். விடாமல் தங்கிப்போனால்தான் கவலை. அப்போதும் புற்றாக மாற பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். ஆகவே 12 மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுங்கள். அப்போதும் பாசிடிவ் என்றால், பாப் நார்மலாக இருந்தாலும் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயை லென்ஸ் வழியாகப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) அவசியம். நடுவில் உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலோ, துர்நாற்றத்தோடு வெள்ளைப்பட்டாலோ ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். வைரஸை அழிக்க மாத்திரை இல்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

உங்கள் மாவட்டத்துக் கிராமங்களிலேயே 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, அதுவும் ஒரே ஒருமுறை. தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். இந்தப் புற்றால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. நீங்கள் செய்துகொண்டது அதைவிட நுட்பமான டெஸ்ட். உங்கள் அக்கா தங்கைகளையும் அனுப்புங்கள்.

மகளைத் தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரே பாத்திரம், ஒரே பாத்ரூம் என்பதற்காகவும் பயம் வேண்டாம். அவளுக்குத் தேவை தடுப்பூசி. ஏற்கெனவே வந்த வைரஸை அது விரட்டாது என்பதால் சின்ன வயதே சரியான நேரம். புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் 2023-லேயே வந்துவிட்டது. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15-ஐத் தாண்டினால் மூன்று. இந்த லீவிலேயே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.