இயந்திரம் எழுதும் கதைகளைத் தடை செய்ய வேண்டுமா?

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் கதை, கவிதைகளைத் தடை செய்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு போட்டியில் இயந்திரக் கதையொன்று உங்களை முந்தியிருக்கும் என ஊகிக்கிறேன். நான் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருந்தவன். அங்கே நான் செய்த பிழையைச் சொன்னால், தடையை நான் ஏன் ஏற்கவில்லை என்பது விளங்கும்.

முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். சென்ற ஆண்டு எங்கள் ஊர் வாசகர் வட்டம் கல்லூரி மாணவர்களுக்காக நடத்திய சிறுகதைப் போட்டியில் நடுவர் இருவரில் ஒருவனாக இருந்தேன். இயந்திரக் கதைகள் ஏற்கப்படமாட்டா என்று விதிமுறையில் அச்சிட்டிருந்தோம். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. வந்தவற்றுள் ஒரு கதை, வல்லினம் மிக வேண்டிய இடங்களில் மிகுந்தும், மிகக்கூடாத இடங்களில் மிகாமலும், ஓர் எழுத்துப்பிழைகூட இன்றி இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படி எழுதமாட்டார்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். கண்டறியும் செயலி ஒன்றில் இட்டபோது, எண்பது விழுக்காட்டுக்கு மேல் இயந்திரம் என்று வந்தது, ஒதுக்கிவிட்டோம். பரிசளிப்பு முடிந்த மறுவாரம் அந்த மாணவி, அடித்தலும் திருத்தலும் நிறைந்த நோட்டுப் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய தாத்தாவிடம் ஒற்று கற்றவராம். "எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று சொல்லுங்கள் ஐயா, மாற்றிக்கொள்கிறேன்" என்றார். விடுபட்ட ஒற்றுக்காகப் பணிக்காலம் முழுவதும் சிவப்பு மையால் சுழித்தவனுக்கு, ஒற்று சரியாக இருந்ததே ஐயத்துக்குக் காரணமாயிற்று. அன்றிரவு, 1996இல் நான் எழுதிய கட்டுரையை அதே செயலியில் இட்டேன். அதுவும் இயந்திரம் எழுதியதாம்.

இயந்திரத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ண வேண்டாம். 2023 பிப்ரவரியில் கிளார்க்ஸ்வோர்ல்ட் என்னும் அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ், இத்தகைய கதைகள் வந்து குவிந்ததால், கதை பெறுவதையே சிறிது காலம் நிறுத்த நேர்ந்ததை அறிவேன். ஆனால் கண்டுபிடிக்க வழியில்லாத தடை, பொய் சொல்பவரை விட்டுவிட்டு நன்றாக எழுதுபவரைப் பிடிக்கிறது.

ஆகவே, பயன்படுத்தியவர் தாமே அறிவிப்பதை வழக்கமாக்க வேண்டும் என்கிறேன். சப்பானில் அகுதாகவா இலக்கியப் பரிசை 2024 சனவரியில் பெற்ற ரியே குடான், தம் நாவலில் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு சாட்ஜிபிடி தந்த வரிகள் என்று தாமே சொன்னார். பரிசுக்குப் பிறகு சொன்னதை முன்பே சொல்லியிருக்கலாம் என்பது என் குறை. கணினியால் உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. இன்றைய இயந்திரங்களை நினைத்து எழுதப்பட்டதன்று அது. எனினும் ஆசிரியர் என்ற பெயரைப் பெறுபவர், எப்படி எழுதினேன் என்று சொல்லும் கடமையையும் ஏற்கத்தானே வேண்டும்? பிறர் உழைப்பையோ குரலையோ எடுத்தால், கேட்டு, ஊதியமும் தர வேண்டும். 'லால் சலாம்' திரைப்படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை மீட்டுருவாக்கிய ஏ.ஆர்.ரகுமான், குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் அளித்ததாக அறிவித்தார்.

எங்கள் போட்டியில் இவ்வாண்டு அந்தத் தடை விதியை நீக்கிவிட்டு, இயந்திரத்தின் துணையைப் பெற்றீர்களா, எந்த அளவுக்கு என்று விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். கடைசி நாள் கடந்துவிட்டது. அந்த மாணவி கதை அனுப்பவில்லை.