மிரட்டல் வந்த பிறகு முதலில் எதைச் செய்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மாங்காய் மண்டி வைத்திருக்கிறோம். கொள்முதல் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் வீட்டுக் கணினியில்தான். சென்ற மாதம் திரை முழுவதும் வைரஸ் எச்சரிக்கை வந்தது. அதிலிருந்த எண்ணுக்கு என் கணவர் பேசினார். அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் செயலியை இறக்கி, அது காட்டிய எண்ணையும் சொல்லிவிட்டார். இப்போது ஒருவன் எங்கள் ஆதார் நகல்களும் கல்லூரியில் படிக்கும் மகளின் படங்களும் தன்னிடம் இருப்பதாகவும், அவற்றை மார்ஃபிங் செய்து உறவினர்களுக்கு அனுப்பப்போவதாகவும் வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறான். 5,000 ரூபாய் அனுப்பினோம். இப்போது 40,000 கேட்கிறான். கணினிக் கடைக்காரர், ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். போடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: இப்போது போட வேண்டாம், சகோதரி. ஃபார்மட், அதாவது கணினியில் உள்ளதை எல்லாம் அழித்துப் புதிதாக்குவது, செய்யத்தான் வேண்டும். ஆனால் அது வரிசையில் கடைசி வேலை. அவசரப்பட்டு அதை முதலில் செய்துவிட்டால் திருடன் வந்துபோன தடமும் சேர்ந்து அழிந்துவிடும். நீங்கள் குறிப்பிடும் எனிடெஸ்க், வேறோர் இடத்திலிருந்து நம் கணினியை இயக்க உதவும் செயலி. அது, வெளியிலிருந்து இணைந்தவரின் எண்ணையும் நேரத்தையும் கணினிக்குள்ளேயே ஒரு சிறிய உரைக் கோப்பில் பதிந்து வைக்கிறது. புலனாய்வு செய்பவருக்கு அந்தச் சில வரிகள் மிகவும் பயன்படும்.

முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கேபிள் வழி இணைப்பு என்றால் கேபிளைப் பிடுங்கிவிடலாம். வைஃபை என்றால் ரவுட்டரையே அணைத்துவிடலாம். இத்தகைய செயலிகளில், நீங்கள் அனுமதிக்காமலேயே மறுமுறை உள்ளே வருவதற்குத் தனிக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு என்பதால், அன்று ஒரு நாள்தானே வந்தான் என்று எண்ணி இருந்துவிட முடியாது.

அடுத்தது சான்றுகள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அவனைத் தடை செய்வதற்கு முன், அவனுடைய எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரையாடலை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அவன் செய்திகளை அவனே அழித்துவிட்டால் பின்னர் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. 5,000 ரூபாய் அனுப்பியதற்கான யுபிஐ ஐடி, தேதி, 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவமானமாக இருக்கிறது என்று இவற்றை அழித்துவிடுகிற குடும்பங்களே அதிகம். மிரட்டுபவன் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

பிறகு இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால், அது பெறுபவரின் கணக்கில் இருக்கும்போதே முடக்கிவிட வாய்ப்புண்டு. உங்களுக்கு நாட்கள் கடந்துவிட்டன என்றாலும் புகார் அவசியம், ஏனெனில் அதே கணக்கு எண்ணில் வேறு ஊர்க்காரர்களும் புகார் அளித்திருக்கக்கூடும். சைபர்கிரைம்.கவ்.இன் (cybercrime.gov.in) தளத்தில் பதிவு செய்துவிட்டு, அந்தப் பதிவு எண்ணோடு கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் செல்லுங்கள். கணினியை அவர்கள் பார்க்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொண்டு, அதன்பின் கடைக்காரரிடம் செல்லலாம். அச்சுறுத்திப் பணம் பறிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கணினிக்குள் நுழைந்து கோப்புகளைத் திருடியது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் தனிக் குற்றம். ஆகவே, ‘நாமாகத்தானே எண்ணைச் சொன்னோம், யாரிடம் போய் முறையிடுவது’ என்று உங்கள் கணவர் தயங்க வேண்டியதில்லை.

40,000 ரூபாயைப் பொறுத்தவரை என் கருத்து திட்டவட்டமானது: ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். 5,000 கொடுத்ததால்தான் தொகை 40,000 ஆனது. கொடுத்தால் படங்களை அழித்துவிடுவான் என்பதற்கு அவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு உறுதி எதுவும் இல்லை. மகளிடமும் விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நெருங்கிய உறவினர் இரண்டு மூன்று பேரிடம், ‘கணினியிலிருந்து படங்கள் திருடப்பட்டிருக்கின்றன, ஏதேனும் வந்தால் திறக்காமல் எங்களுக்குத் தெரிவியுங்கள்’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், மிரட்டலின் பாதி பலம் போய்விடும்.

இதற்கிடையில் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். அந்தக் கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதையும் அவனுக்கே கொடுத்ததாகிவிடலாம். எனவே கைப்பேசியில், வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு மாற்றுங்கள். மின்னஞ்சல்தான் முதலில், ஏனெனில் மற்றக் கணக்குகள் அனைத்துக்கும் மீட்புக் கடிதம் அங்கேதான் வருகிறது. ஜிமெயில் என்றால் கடவுச்சொல்லை மாற்றியதோடு நிற்காமல், அமைப்புகளுக்குள் சென்று உங்கள் கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாகப் பகிரப்படுகின்றனவா, கடிதங்களைத் தானாகப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டி (ஃபில்டர்) எதுவும் நீங்கள் போடாமலேயே இருக்கிறதா, மீட்பு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். கணக்கு திறந்திருக்கும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பிரவுசரில் ஏற்கெனவே உள்நுழைந்த நிலையைத் திருடிச் சென்றவனுக்குக் கடவுச்சொல்லே தேவைப்படாது. கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னோர் உறுதிப்படுத்தலும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் இயக்கிவிடுங்கள். அதன்பின் வங்கி, ஜிஎஸ்டி தளம், வருமான வரிக் கணக்கு என்று வரிசையாக வாருங்கள்.

ஆதார் நகல் போயிருப்பதால் கைரேகை, கருவிழிப் பதிவுகளை ஆதார் தளத்தில் பூட்டி வைக்கலாம். உங்கள் பெயரில் வேறு சிம் வாங்கப்பட்டிருக்கிறதா என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்க முடியும். சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை கட்டணமின்றித் தரும் கடன் அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இனி கணினி. அந்தச் செயலியை மட்டும் நீக்கிவிட்டு ஆன்டிவைரஸ் ஓட்டினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அந்நியர் ஒருவர் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்து எழுந்த கணினியில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. புகார் வேலை முடிந்ததும், வேறொரு நல்ல கணினியிலிருந்து மைக்ரோசாஃப்ட் தளத்தின் நிறுவல் கோப்பை 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, வட்டின் பழைய பிரிவுகள் (பார்ட்டிஷன்) அனைத்தையும் நீக்கிவிட்டு, விண்டோஸை அடியிலிருந்து புதிதாக நிறுவச் சொல்லுங்கள். அதற்கு முன் படங்கள், பில்கள், கணக்குக் கோப்புகளை மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நிறுவல் கோப்புகளையும் மென்பொருள்களையும் பழைய வட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம்.

கடையில் இந்த வேலை நடக்கும்போது அருகில் இருப்பது நல்லது. உரிமம் இல்லாத விண்டோஸையும் ஆபீஸையும் இயங்கவைக்க ‘ஆக்டிவேட்டர்’ என்றொரு சிறு நிரலை ஓட்டுவது நம் பக்கத்துக் கடைகளில் சாதாரணம். அது முதலில் கேட்பதே, விண்டோஸோடு வரும் பாதுகாப்பு நிரலான டிஃபெண்டரை அணைத்து வையுங்கள் என்பதுதான். காவலை விலக்கச் சொல்லி உள்ளே வருகிற ஒன்று, கூடவே வேறு எதைக் கொண்டுவருகிறது என்பது ஓட்டுகிற கடைக்காரருக்கும் தெரியாது. அன்றாட வேலைக்கு அட்மின் அதிகாரம் இல்லாத தனிப் பயனர் கணக்கு ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லும் வந்தபடியே ‘அட்மின்’ என்று இருந்தால் அதையும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் முகவரியிலிருந்தே எனக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நான் முன்பு பயன்படுத்திய கடவுச்சொல் அதில் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. என் கேமரா வழியாக என்னைப் படம் பிடித்திருப்பதாகவும், 48 மணி நேரத்தில் பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவதாகவும் உள்ளது. என் மேசைக் கணினியில் கேமராவே இல்லை. இருந்தும் இரண்டு நாட்களாக உறக்கம் இல்லை.

– வாசகர், அரூர்

பதில்: கேமரா இல்லாத கணினியிலிருந்து படம் பிடித்ததாகச் சொல்கிறான் என்பதிலேயே விடை இருக்கிறது, ஐயா. இது ஒரே கடிதத்தை லட்சக்கணக்கானோருக்கு அனுப்பிப் பார்க்கும் வெற்று மிரட்டல். 2018 முதல் உலகெங்கும் சுற்றிவருகிறது. உங்கள் பழைய கடவுச்சொல் உங்கள் வீட்டிலிருந்து போனதாக எண்ண வேண்டியதில்லை. நீங்கள் எப்போதோ கணக்குத் தொடங்கிய ஒரு தளத்திலிருந்து போயிருக்கும். 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்கள் 2016இல் சந்தைக்கு வந்தன. 11 கோடிக்கும் அதிகமான கணக்குகள் அதில் இருந்தன. ட்ராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலிய வல்லுநர் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை இட்டால், அது எந்தெந்தக் கசிவுகளில் வந்திருக்கிறது என்று காட்டும்.

அனுப்புநர் இடத்தில் உங்கள் முகவரியே இருப்பது உங்கள் கணக்கு கைமாறியதற்கு அத்தாட்சி ஆகாது. தபால் உறையின் பின்புறம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதி அனுப்ப முடிவதைப் போல, மின்னஞ்சலிலும் எழுத முடியும். ஐயம் தீர வேண்டுமானால் உங்கள் ‘அனுப்பியவை’ பகுதியையும், கணக்கில் அண்மையில் உள்நுழைந்த சாதனங்களின் பட்டியலையும் பாருங்கள்.

பதில் எழுதாதீர்கள். ஆனால் அந்தப் பழைய கடவுச்சொல்லை வேறு எந்தக் கணக்கில் இன்றும் வைத்திருந்தாலும் இன்றே மாற்றிவிடுங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இந்த மிரட்டலுக்குள் உண்மை இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 19. தெரியாத பெண் ஒருத்தி ஃபேஸ்புக்கில் நட்பாகி, வீடியோ காலில் வந்தாள். அதைப் பதிவு செய்துவிட்டார்கள். இப்போது சைபர் போலீஸ் என்று ஒருவர் பேசி, அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டதாகவும், வழக்கை முடிக்கப் பணம் வேண்டும் என்றும் கேட்கிறார். அப்பாவுக்குத் தெரிந்தால் நான் உயிரோடு இருக்க முடியாது.

– வாசகர், பாலக்கோடு

பதில்: தம்பி, நீ எழுதிய கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இதைப் படித்து முடித்ததும் பேசு. வீட்டில் அப்பாவிடம் நேரே சொல்லத் தயக்கமாக இருந்தால் மாமாவையோ சித்தப்பாவையோ அழைத்துப் பேசச் சொல். அப்பா கோபப்படலாம், ஆனால் அந்தக் கோபம் ஆறிவிடும்.

பேசியவர் போலீஸ் இல்லை. வழக்கை முடிக்கக் கைப்பேசியில் பணம் கேட்கும் காவல்துறை கிடையாது. அந்தப் ‘பெண்’, ‘போலீஸ்’, வீடியோவை நீக்கித் தருவதாக நாளை பேசப்போகும் இன்னொருவர் ஆகியோர் அனைவரும் ஒரே கும்பலின் ஆட்கள். தற்கொலைக் கதையும் அவர்கள் எல்லோரிடமும் சொல்லும் கதைதான். சான்றுகளை எடுத்து வைத்தபின் எல்லா எண்களையும் தடை செய். ஃபேஸ்புக்கில் நண்பர்கள் பட்டியலை மறைத்து வை, ஏனெனில் யாருக்கு அனுப்புவேன் என்று மிரட்டுவதற்கான பெயர்களை அவர்கள் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள்.

‘ஸ்டாப்என்சிஐஐ’ என்றொரு இலவசத் தளம் இருக்கிறது. உன் வீடியோவை அது வாங்கிக்கொள்வதில்லை. உன் கைப்பேசியிலேயே அதற்கான அடையாள எண்குறியை மட்டும் உருவாக்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்கு அனுப்புகிறது. அதே வீடியோவை யாரேனும் அங்கே ஏற்றினால் அத்தளங்களால் கண்டறிந்து தடுக்க முடியும். 18 வயதுக்குக் குறைந்த வாசகர்களுக்கு இதேபோல ‘டேக் இட் டவுன்’ என்ற தளம் உள்ளது. 1930 எண்ணிலும் தருமபுரி சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் புகார் கொடு. ஏமாற்றப்பட்டவன் நீ, உன்மேல் வழக்கு வராது.

கேள்வி: வீடு ஓசூரில், வேலை பெங்களூரில். மிரட்டல் வந்தபோது நான் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பேருந்தில் இருந்தேன். எந்த மாநிலத்தில் புகார் கொடுப்பது?

– வாசகர், ஓசூர்

பதில்: எங்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் தகவலைக் காவல் நிலையம் பதிவு செய்ய வழிசெய்கிறது. மின்னணு வழியில் தகவல் கொடுத்தால் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். 1930 இரு மாநிலங்களுக்கும் பொதுவானது. வழக்குக்காகப் பலமுறை போய்வர நேரலாம் என்பதால், வீட்டுக்கு அருகில் கொடுப்பதே உங்களுக்கு வசதி.

கேள்வி: அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியைத்தான் நான் இன்றும் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் 7 இருக்கிறது. இதில் வங்கி வேலை பார்க்கலாமா?

– மாணவி, பென்னாகரம்

பதில்: வேண்டாம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி அந்த மடிக்கணினியில் இருக்காது. வன்பொருள் நன்றாக இருந்தால் விண்டோஸுக்கு மாற்றான இலவச லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்ளலாம்; பழைய கணினிகளுக்கென்றே எடை குறைந்த வகைகள் உள்ளன, தமிழிலும் தட்டச்சு செய்ய முடியும். அதுவரை அதைப் பாடக் குறிப்புகளுக்கு வைத்துக்கொண்டு, வங்கி வேலையைத் திருத்தங்கள் தவறாமல் வரும் கைப்பேசியில் பாருங்கள்.