தரையில் அளந்த இரைச்சல் செயற்கைக்கோளுக்குப் போதுமா?

கேள்வி: 225–400 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு (பூமியிலிருந்து பார்க்கும்போது வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிவது) ரிசீவர் வடிவமைக்கிறோம். நகரங்களின் ரேடியோ குறுக்கீட்டைத் தரையில் பல இடங்களில் அளந்திருக்கிறோம். விமானத்திலிருந்தும் அளக்க வேண்டுமா? அந்த அளவைச் செயற்கைக்கோளுக்கு எப்படிப் பொருத்துவது?

பதில்: கட்டாயம் அளக்க வேண்டும். தரையில் நிற்கும் ஆன்டெனாவுக்குக் கட்டடங்கள் தடையாக இருப்பதால் அதற்குக் கேட்பது பெரும்பாலும் தன் சுற்றுப்புறத்தின் இரைச்சல்தான், 10 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்துக்கோ ரேடியோத் தொடுவானம் (தரையிலிருந்து அலை தடையின்றி வந்து சேரக்கூடிய எல்லை) ஏறத்தாழ 400 கி.மீ. தள்ளி இருப்பதால், ஒரு நகரம் முழுவதும் சேர்ந்து மேல்நோக்கி உமிழ்வது ஒரே அளவீட்டில் கிடைத்துவிடும்.

ஆனால், முதலில் உங்கள் விமானத்தையே சந்தேகியுங்கள். விமானி பேசும் 118–137 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவின் இரண்டாம் ஒத்திசை (இரு மடங்கு அதிர்வெண்ணில் கசியும் அலை) 236–274 மெகாஹெர்ட்ஸில், அதாவது உங்கள் பட்டைக்குள்ளேயே வந்து விழும். ஆகவே கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கடல்மேல் பறந்து, அங்கே கிடைக்கும் அளவை அடிமட்டமாகக் கொள்ளுங்கள். அதுவே அதிகமாக இருந்தால் நகர அளவுகளை நம்புவதற்கில்லை.

அளந்ததை டெசிபெல்லில் மட்டும் எழுதி வைக்காமல், ஒளிர்வு வெப்பநிலையாக, அதாவது அதே அளவு ரேடியோ இரைச்சலை உமிழும் கரும்பொருளின் வெப்பநிலையாக, மாற்றிக்கொள்வது நல்லது. நகரம் ஆன்டெனாவின் கற்றையை (அது பார்க்கும் கோணப் பரப்பை) முழுவதும் நிரப்பியிருக்கும் வரையில் இந்த அளவு தொலைவைப் பொறுத்து மாறாது; செயற்கைக்கோளில் கற்றைக்குள் நகரம் பிடிக்கும் பங்கால் பெருக்கினால் போதும். 30 கி.மீ. அகல நகரம் 35,786 கி.மீ. உயரத்திலிருந்து சுமார் 0.048 பாகையாகவும், முழுப் பூமி 17.4 பாகையாகவும் தெரிகின்றன. பரப்பு விகிதம் ஏறக்குறைய 1,30,000-இல் ஒரு பங்கு. எனவே பத்து லட்சம் கெல்வின் காட்டும் நகரம்கூட, பூமி முழுவதையும் பார்க்கும் ஆன்டெனாவில் 8 கெல்வினுக்கும் குறைவாகவே சேர்க்கும். பல நகரங்கள் ஒரே கற்றைக்குள் வருவதால் அவற்றின் பங்குகளைக் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. செங்குத்தாக நிற்கும் தரை ஆன்டெனாக்கள் நேர் மேலே மிகக் குறைவாகவும் தொடுவானத்தை ஒட்டி மிகுதியாகவும் உமிழ்வதால், நகரத்தின் உச்சியில் மட்டும் பறந்து அளந்தால் குறுக்கீட்டைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவீர்கள். நகரத்திலிருந்து விலகிச் சென்று, வெவ்வேறு ஏற்றக் கோணங்களிலும் அளவெடுங்கள்.

சராசரியும் ஏமாற்றும். டிரான்ஸ்பாண்டரின் (சமிக்ஞையைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் செயற்கைக்கோள் கருவியின்) பெருக்கி தெவிட்டும் நிலையில், அதாவது அதற்கு மேல் வெளியீட்டைக் கூட்ட முடியாத நிலையில், இயங்கினால், ஒரேயொரு வலுவான அலை மற்ற மெல்லிய சமிக்ஞைகளை அமுக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு அலைவரிசையிலும் உச்ச அளவையும், எந்த மட்டத்தை எத்தனை சதவீத நேரம் தாண்டுகிறது என்பதையும் பதிவுசெய்து, வடிகட்டியின் அகலத்தை அந்தப் பதிவைக் கொண்டு தீர்மானியுங்கள்.