சமைக்கும்போது ஏப்ரன் தேவையா, எந்தத் துணியில் வாங்கலாம்?

வீட்டுச் சமையலுக்கும் ஏப்ரன் வேண்டுமா, எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாக வேண்டும், ஆனால் பருத்தியில் வாங்குங்கள். பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், கேஸ் அடுப்பின் சுடரோ ஆயிரம் டிகிரிக்கும் மேல், உருகிய துணி தோலில் ஒட்டிக்கொண்டால் காயம் ரொம்ப ஆழமாகப் போகும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் உருகி ஒட்டாது. அதிலும் கனமாக, நெருக்கமாக நெய்த துணி என்றால் தெறிக்கும் எண்ணெய் உடம்பைத் தொடுவதற்குள் கொஞ்சம் சூடு இறங்கியிருக்கும். ஹோட்டல் சமையல்காரர்களின் வெள்ளைக் கோட்டில் முன்பக்கம் இரண்டு அடுக்குத் துணி இருப்பதும் இதற்காகத்தான், கறை பட்டால் மேல் மடிப்பை மாற்றியும் போட்டுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் எனக்குப் பெரிய பயமே தொங்கும் துணிதான். சேலை முந்தானை, துப்பட்டா, தொளதொளவென்ற நைலான் நைட்டி, இதெல்லாம் பின்பக்க பர்னரில் இருப்பதை எட்டி எடுக்கும்போது முன்பக்கச் சுடரில் படும். முந்தானையை இடுப்பில் செருகி, அதன் மேல் ஏப்ரன் கட்டுங்கள். முடிச்சு மட்டும் சுருக்கு முடிச்சாக இருக்கட்டும், கொதிக்கும் எண்ணெய் மேலே கொட்டினால் ஒரே இழுப்பில் கழற்றிவிடலாம்.

அப்புறம், சூடான பாத்திரத்தை ஈரத் துணியால் பிடிக்காதீர்கள், சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும்.