சென்னை ராயபுரம் எப்படி இந்தியாவின் மிகப் பழைய ரயில் நிலையம் ஆகும்? பம்பாயில் 1853லேயே ரயில் ஓடியதே?

ஓடியது, அதில் சந்தேகமே இல்லை. பம்பாய் - தாணே ரயில் 1853ல், ஹவுரா பாதை 1854ல். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதற்கெல்லாம் பிறகு, 1856 ஜூலை 1 அன்றுதான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. ஆனால் பம்பாயின் பழைய போரி பந்தர் நிலையம் போய், அங்கே விக்டோரியா டெர்மினஸ் எழுந்துவிட்டது. ஹவுராவில் இப்போது இருப்பது 1905ல் கட்டியது. ராயபுரத்தில் மட்டும் அந்தக் காலக் கட்டடம் தூண்களோடு அப்படியே நிற்கிறது. ஆக, பெருமை கட்டடத்துக்கு, முதல் ரயிலுக்கு அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஊரெல்லாம் இருக்க ராயபுரம் ஏன் என்றால், கோட்டைக்கும் ஜார்ஜ் டவுன் வியாபாரிகளுக்கும் பக்கம், கடற்கரையும் கிட்டே. நிலையத்தை 1856 ஜூன் 28ல் திறந்துவைத்தவர் ஆளுநர் ஹாரிஸ் பிரபு.

1873ல் சென்ட்ரல் வந்தது. அப்புறம் வெளியூர் ரயில்களின் மவுசு மெல்ல அங்கே போய்விட்டது. ராயபுரத்துக்குத் துறைமுகச் சரக்குப் போக்குவரத்தும் உள்ளூர் ரயில்களும்தான் மிச்சம். 2005ல் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். நல்ல காரியம், கொஞ்சம் தாமதம் என்பேன்.

நேரில் பார்க்கப் பெரிய செலவில்லை. பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ராயபுரம்தான். நடைமேடையிலேயே நின்று திரும்பிவிடாமல் வெளியே வந்து முகப்பைப் பாருங்கள்.