மினசோட்டா ஸ்டேட் ஃபேரில் ஒரு நாள்: முட்டையும் சாப்பிடாத தோழியோடு

கேள்வி: மினியாபொலிஸ் பக்கம் வசிக்கிறேன். கல்லூரிக் காலத்துத் தோழி நாமக்கல்லிலிருந்து தன் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளை ஒரு நாள் மினசோட்டா ஸ்டேட் ஃபேருக்கு, அதாவது இந்த மாநிலத்தின் வருடாந்தரப் பொருட்காட்சிக்குக் கூட்டிப்போக ஆசை. அவள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலியும் உண்டு. நான் எல்லாம் சாப்பிடுவேன். “அங்கே எண்ணெயில் பொரித்ததைத் தவிர என்ன இருக்கிறது?” என்கிறான் என் மகன். போகலாமா? எதைச் சாப்பிடுவது, எதைப் பார்ப்பது?

பதில்: தாராளமாகப் போங்கள். உங்கள் மகன் சொல்வது பாதிதான் சரி. ஒவ்வொரு வருடமும் ‘இந்த ஆண்டின் புதுத் தின்பண்டங்கள்’ என்று ஒரு பட்டியல் ஃபேருக்கு முன்பே ஊரெல்லாம் சுற்றும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்களுக்கு வரிசையில் நிற்பதிலேயே பொழுது போய்விடும். நம்மூர்ப் பொருட்காட்சியைப் போல டெல்லி அப்பளமும் ராட்டினமும்தான் என்று நினைத்துப் போனாலும் ஏமாற்றமே. இது அடிப்படையில் விவசாயிகளின் போட்டிக் களம். 1859இல் தொடங்கி, 1885 முதல் இதே இடத்தில் நடக்கிறது; திடல் இன்று 322 ஏக்கர். நாமக்கல்காரத் தோழிக்கு இங்கே பார்க்க வேண்டியவை மாடும் தானியமும்தான். சாப்பாட்டை அவற்றுக்கு நடுவே செருகிக்கொள்ளுங்கள்.

செப்டம்பரின் முதல் திங்களான லேபர் டேயோடு (அமெரிக்கத் தொழிலாளர் தினம்) முடியும் 12 நாள் திருவிழா இது. 2019இல் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். முழங்கால் வலியோடு சனிக்கிழமைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம், வாரநாளாகப் பாருங்கள். காரைத் திடல் வரை ஓட்டிப் போகாமல், ‘பார்க் அண்ட் ரைட்’ எனும் இலவச வெளி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். காலை எட்டு மணிக்கெல்லாம் உள்ளே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். தோழி வேண்டாம் என்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் நன்றி சொல்வார்.

வெயில் ஏறுமுன் திடலுக்குள் ஜட்சன் அவென்யூ என்ற தெருவின் பக்கத்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுங்கள். பசுவைக் கழுவி, நம் தலைமுடிக்குப் பிடிப்பதுபோல காற்றடித்துக் காயவைத்து, முதுகு முடியைச் சீவி நிமிர்த்திக்கொண்டிருக்கும் பள்ளிப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். கேள்வி கேட்டால் நின்று பதில் சொல்வார்கள். எத்தனை லிட்டர் கறக்கிறது, என்ன தீவனம் என்று தோழி கேட்க, நீங்கள் மொழிபெயர்க்க, அரை மணி நேரம் ஓடிவிடும். அருகிலேயே ‘மிராக்கிள் ஆஃப் பர்த்’ கூடம். கன்றும் குட்டியும் மக்கள் கண்ணெதிரே பிறக்கும் இடம். கால்நடை மருத்துவர்களும் மாணவர்களும் கூடவே நிற்பார்கள். அமெரிக்கக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பதை உங்கள் தோழி வேடிக்கை பார்ப்பார். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். கிருமிநாசினி ஜெல் போதாது.

கை கழுவிவிட்டு, ஒரே விலைக்கு வயிறு கொள்ளும் மட்டும் பால் ஊற்றித் தரும் கடைக்குப் போகலாம். வெறும் பாலும் சாக்லேட் பாலும் உண்டு. தோழிக்குக் காலை ஆகாரம் அதுவே.

இனி மற்ற சாப்பாடு. அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தரக்கூடியது சுட்ட சோளம். தோகையை உரித்துப் பின்னால் மடித்துக் கைப்பிடியாக்கி, கதிரை அப்படியே உருக்கிய வெண்ணெயில் முக்கி நீட்டுவார்கள். உப்பு மேசைமேல் இருக்கும். மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போவது உங்கள் சாமர்த்தியம். ஊருக்கே பேர்போன சீஸ் கர்ட்ஸில்தான் யோசனை தேவை. அழுத்திக் கட்டியாக்காத புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகளை மாவில் தோய்த்துப் பொரிப்பது அது. மாவில் முட்டை சேர்ந்திருக்கலாம்; பாலைத் திரிக்கும் ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள். பிரெஞ்ச் ஃப்ரைஸ் என்றால், அதே எண்ணெயில் இறைச்சியும் பொரிக்கிறார்களா என்ற ஒரே கேள்வி போதும். உங்களுக்கு ப்ரான்டோ பப்: குச்சியில் குத்திய சாசேஜை மாவில் தோய்த்துப் பொரித்தது, கடுகு சாஸ் தொட்டுச் சாப்பிடுவது. மாட்டிறைச்சியோ பன்றியோ ஆகாது என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஒன்றே வாங்குங்கள். இரண்டு பேர் ஆளுக்கொன்று வாங்கினால் மூன்றாவது கடையிலேயே வயிறு மந்தமாகிவிடும்.

சலேம் லூத்தரன் சர்ச் உணவுக்கூடத்தின் காபி வாசனை உங்கள் இருவரையும் இழுக்கும். அங்கே ஜாக்கிரதை. அது ஸ்வீடிஷ் முட்டைக் காபி. காபித்தூளில் முட்டையை உடைத்துப் பிசைந்து கொதிக்கவிடுவார்கள். முட்டை வெந்து திரளும்போது கசடையும் கசப்பையும் தன்னோடு பிடித்துக்கொள்ள, டிகாக்‌ஷன் கண்ணாடியாய்த் தெளிந்து நிற்கும். நீங்கள் கட்டாயம் குடித்துப் பாருங்கள். தோழிக்கு ஆகாது.

உச்சி வெயிலில் அக்ரிகல்சர் ஹார்ட்டிகல்சர் கட்டடம். இந்த ஃபேரில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் இங்குள்ள விதை ஓவியங்களையே சொல்வேன். பலகையில் விதைகளை ஒவ்வொன்றாக ஒட்டி முகமும் காட்சியும் வரைந்திருப்பார்கள். ஓவடோனா ஊரின் லிலியன் கோல்ட்டன் இந்தக் கலையில் வரைந்த ஜனாதிபதிகளும் சினிமா நட்சத்திரங்களும் இன்றும் பேசப்படுகிறார்கள். எட்ட நின்று பார்த்துவிட்டு நகராதீர்கள். வரிசை மெதுவாகத்தான் போகும், கிட்டே குனிந்து பாருங்கள். கன்னத்து நிழல் கடுகாக இருக்கும், புருவம் ஆளிவிதையாக இருக்கும். எந்தெந்த விதை என்பதற்கு மாதிரி ஒட்டிய சிறு பட்டியலும் படத்தோடு இருக்கும். அதைப் பார்த்து விதைகளை அடையாளம் கண்டுபிடிப்பதில் உங்கள் தோழி உங்களைத் தோற்கடிப்பார்.

இதே கட்டடத்தில் ஆப்பிள் கடை உண்டு. உலகமெல்லாம் விற்கும் ஹனிகிரிஸ்ப் ரகத்தை உருவாக்கியது மினசோட்டா பல்கலைக்கழகம்தான், 1991இல் வெளியிட்டார்கள். ஆப்பிள் சாற்றை உறையவைத்துத் தரும் ‘சைடர் ஃப்ரீஸி’யில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. ஆளுக்கொன்று வாங்கலாம். மேலே சொன்ன விதிக்கு இது மட்டும் விலக்கு.

அடுத்து டெய்ரி பில்டிங். சுழலும் கண்ணாடி அறைக்குள், குளிர்ப்பெட்டிக் குளிரில், கோட்டும் கையுறையுமாக ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். எதிரே அவள் தலையையே 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ வெண்ணெயில் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். பால்பண்ணைக் குடும்பத்துப் பெண்களிலிருந்து மாநிலப் பால்துறையின் தூதரைத் தேர்ந்தெடுக்கும் ‘பிரின்சஸ் கே’ போட்டியின் இறுதிச் சுற்றுப் பெண்களுக்கு 1965 முதல் நடக்கும் மரியாதை இது. லிண்டா கிறிஸ்டென்சன் என்ற ஒரே சிற்பி 1972இலிருந்து 50 ஆண்டுகள் செதுக்கினார். செதுக்கிய தலை அந்தப் பெண்ணுக்கே. வீட்டுக்குக் கொண்டுபோய் ஊராரைக் கூப்பிட்டு சோள விருந்து வைத்து அந்த வெண்ணெயைத் தீர்ப்பவர்களும் உண்டு.

கால் கெஞ்சினால் 1915இலிருந்து ஓடும் ‘யே ஓல்ட் மில்’ படகில் ஏறிக்கொள்ளுங்கள். இருட்டுச் சுரங்கம், மெதுவாக நகரும் தண்ணீர், உட்கார்ந்தபடி ஓய்வு. வேறு அதிசயம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். மற்ற ராட்டினங்களை இந்த வயதில் விட்டுவிடலாம்.

‘ஸ்வீட் மார்த்தாஸ்’ கடையின் குக்கீ பக்கெட்டை, அதாவது வாளி நிறைய பிஸ்கட்டை, கிளம்பும்போது வாங்குங்கள். கூம்பாகக் குவித்து மூடி போட முடியாமல் தருவார்கள். உள்ளூர்க்காரர்கள் அதற்கென்றே ஜிப் பை எடுத்து வருவார்கள், நீங்களும் இரண்டு எடுத்துப் போங்கள். அதில் முட்டை உண்டு என்பதால் தோழிக்கு இல்லை. திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஒரு டப்பா தயிர்சாதம் பையில் இருக்கட்டும். வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை, கண்ணாடிப் பாத்திரம் மட்டும் வேண்டாம்.