வை.மு. கோதைநாயகி அம்மாள் வெறும் காதல் கதை எழுதியவர்தானா? இன்றைக்கு அவரைப் படிக்க முடியுமா?

காதல் கதை எழுதியவர்தான். கேள்வியில் இருக்கும் அந்த 'வெறும்' மட்டும்தான் எனக்கு உறுத்துகிறது.

நானும் ஒரு காலத்தில் இளக்காரமாக நினைத்தவன்தான். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அவருடைய நாவல் ஒன்று கிடைத்தது. இருபது பக்கம் தாண்ட முடியவில்லை. கதாநாயகி அழுகிறாள், நாயகன் மூச்சு விடாமல் பேசுகிறான், நடுவில் ஆசிரியரே வந்து நமக்குப் புத்தி சொல்கிறார். மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் அவர் எழுத வந்த கதை தெரிந்தது. பிறந்தது 1901. ஐந்தரை வயதில் கல்யாணம். 'வை.மு.' என்பதே புகுந்த வீட்டுப் பெயர், வைத்தமாநிதி முடும்பை. பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரி. கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்குக் கூட்டிப் போவார். பார்த்துப் பார்த்து இவருக்கும் ஒரு நாடகம் எழுதும் ஆசை வந்தது. சரி, எழுதத் தெரியாதே? இவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகம் 1924-ல் அச்சில் வந்தது. எழுதப் படிக்க அவர் நன்றாகத் தேர்ந்ததெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆண்டே ஒரு பத்திரிகைக்கு ஆசிரியர்! நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி'யை வாங்கினார்கள். துப்பறியும் நாவல்களால் பேர் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆரம்பத்தில் உதவினார். முதல் நாவல் 'வைதேகி' அதில்தான் தொடராக வந்தது. அதிலிருந்து மொத்தம் 115 நாவல்கள்.

இத்தனையும் தரமானவையா என்றால், இல்லை. மாதாமாதம் பத்திரிகையை நிரப்ப வேண்டும். அந்த அவசரம் பல இடங்களில் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று பேசிய காலம் அது. அந்த வீடுகளுக்குள்ளேயே விதவை மறுமணத்தையும் வரதட்சிணைக் கொடுமையையும் குடியையும் கொண்டுபோய்ப் பேச இவருக்கு வாகனமாக இருந்தது காதல் கதைதான். கட்டுரையாக எழுதியிருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

எழுத்தோடும் நிற்கவில்லை. காந்தியைச் சந்தித்த பிறகு பட்டும் நகையும் போய்க் கதர் வந்தது. மேடையில் பேசினார், பாடினார். 1930-களின் தொடக்கத்தில் மறியல் செய்து சிறைக்குப் போனார், அங்கேயும் எழுதினார்.

1956-ல் ஒரே மகனைப் பறிகொடுத்தார். அதன்பின் உடம்பும் விட்டுவிட்டது. 1960 பிப்ரவரியில் தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் இறந்துபோனார். ஆறு ஆண்டுகள் கழித்து அவருடைய 'தயாநிதி' என்ற நாவல்தான் 'சித்தி' என்ற படமாக வந்து ஓடு ஓடென்று ஓடியது. அந்தப் படத்தை எத்தனையோ முறை டிவியில் பார்த்திருக்கிறேன், யாருடைய கதை என்றே தெரியாமல்.

படிக்க முடியுமா என்று கேட்டீர்கள். கண்ணால் மட்டும் படித்தால் கஷ்டம்தான். பாதியில் விட்ட அந்த நாவலை, கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த என் அம்மாவுக்குப் போன வருடம் வாய்விட்டு வாசித்தேன். தாளில் நீட்டி முழக்குவதாகத் தெரிந்த அதே வசனங்கள் வாயில் ஏறியதும் சரளமாக ஓடின. ஆசிரியர் குறுக்கே வந்து புத்தி சொல்லும் இடங்களில் அம்மா, "அப்படிச் சொல்லு" என்றாள். நாலு நாளில் முடித்துவிட்டோம். இப்போது இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.